அவள் சொன்னதுதான் எனக்கும்

அத்தியாயம் 14

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். மார்செல் டூஷார்மின் பண்ணைக்கு மேலே இருக்கிற குன்றில் சரளைக் குழி தோண்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டது. ஊர் மன்றத்தில் விசாரணை நடந்த அன்று மார்செல் எழுந்து அதை எதிர்த்து ஒரு பிடி பிடித்தாள். மன்றமே கைதட்டியது. அனுமதி தரும் அதிகாரம் உள்ள கமிஷன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அனுமதியைக் கொடுத்துவிட்டது.

இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பிறகு மார்செலும் அவள் அண்ணன் லூசியனும் பேசிக்கொள்வதில்லை. ஒரே சாலைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். ஏன் பேச்சு நின்றது என்று கேட்டால், தனக்குத் தெரியாது என்றே மார்செல் எல்லோரிடமும் சொல்லி வந்தாள்.

இன்று புதன்கிழமை. அனுமதியை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போவதற்கான கெடு சாயந்திரத்தோடு முடிகிறது. மார்செல் போன வாரமே வக்கீல் வைத்துவிட்டதால் நிம்மதியாகப் பால் கறந்துகொண்டிருந்தாள்.

தொழுவத்துச் சுவரில் தொங்கும் ஃபோன் அடித்தது. வக்கீல் பிரிஸில்லா விட்காம்.

"மார்செல், ஒரு சின்னச் சிக்கல்."

வக்கீல் சின்னச் சிக்கல் என்றால் உட்கார்ந்து கேட்பது உத்தமம். மார்செல் உட்காரவில்லை. ஒரு கையில் கறவை இயந்திரத்தின் குழாய் இருந்தது.

"நீங்க அப்பீல் பண்ண முடியாது."

"ஏன்? சாயந்திரம் வரைக்கும் டயம் இருக்கே?"

"டயம் இருக்கு. உங்களுக்கு உரிமை இல்லை. கமிஷன் முன்னாடி 'நான் இதுல ஒரு தரப்பு'ன்னு பேர் குடுத்து, கடைசி வரைக்கும் தரப்பா இருந்தவங்கதான் கோர்ட்டுக்குப் போகலாம். அதுல உங்க பேரு இல்லை."

"நான் பேசினேனே! இருபது நிமிஷம் பேசினேன். ஊரே கேட்டுச்சு."

"பேசினீங்க. சபையில உக்காந்திருந்த ஒருத்தரா பேசினீங்க. தரப்பா பேசலை."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பேசி முடிச்சதும் என்ன பண்ணீங்க?"

"மாடு கறக்க வந்துட்டேன்."

"அதுதான் வித்தியாசம்."

மார்செலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெர்மான்ட் மாநிலத்தில் எங்கள் ஊரைப்போன்ற சின்ன ஊர்களில் பிறந்த எல்லோரும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்போம். மார்ச் முதல் செவ்வாயன்று ஊர்க்கூட்டம். வேண்டியவர் எழுந்திருப்பார், மனத்தில் இருப்பதைக் கொட்டுவார், உட்காருவார். அதோடு அவர் வேலை முடிந்தது. நீ யார், உனக்கு இதில் என்ன சம்பந்தம் என்று எவனும் கேட்க மாட்டான், கேட்டால் அடுத்த தேர்தலில் அவன் இருக்க மாட்டான். அதே மன்றம், அதே மடக்கு நாற்காலி, அதே காபிப் பானை. கமிஷன் விசாரணைக்கு மட்டும் வேறு சட்டம் என்று யாருக்குத் தோன்றும்?

"விசாரணை பத்தி உங்களுக்கு அறிவிப்பே வரலைன்னா ஒரு வழி உண்டு. வந்துச்சா?" என்றார் வக்கீல்.

வந்திருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வந்துச்சு," என்றாள் மார்செல். பொய் சொல்ல அவளுக்கு வராது. அவள் வாங்கிக் கட்டிக்கொள்வதில் பாதி அதனால்தான்.

"ரொம்பப் பெரிய அநியாயம் நடந்துச்சுன்னு காட்டினாலும் கோர்ட் உள்ளே விடும். ஆனா மாடு கறக்கப் போனது அநியாயத்துல சேராது."

"மாட்டைக் கேட்டுப் பாருங்க, சேருமா சேராதான்னு."

வக்கீல் சிரிக்கவில்லை. "தண்ணி விஷயத்துக்காகத் தரப்பா பதிவானவர் ஒரே ஒருத்தர். டூஷார்ம்னு இருந்தது, நீங்கன்னு நினைச்சிட்டேன். என் தப்புதான். இன்னிக்குக் காலையிலதான் முழுப் பேரையும் பாத்தேன். லூசியன் டூஷார்ம். அவர் அப்பீல் போட்டா, அவர் பின்னாடி நீங்களும் உள்ளே வரலாம். அவர் போடலைன்னா தண்ணிக்காகப் போட இந்த ஊர்ல வேற தனி ஆள் யாரும் இல்லை."

மார்செல் ஃபோனை வைத்தாள். குழாய் தரையில் கிடந்து காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

குன்றின் அடியில் ஒரு ஊற்று இருக்கிறது. அவள் அப்பா காலத்தில் போட்ட குழாய் வழியாகத் தண்ணீர் தானாகவே இறங்கித் தொழுவத்துக்கு வருகிறது. குன்றுக்குள் இருக்கும் சரளைதான் மழையையும் பனியையும் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதைத் தோண்டி லாரியில் ஏற்றிவிட்டால் ஊற்று என்ன ஆகும் என்று கம்பெனிப் பொறியாளர் படம் போட்டுக் காட்டினார். ஒன்றும் ஆகாதாம். மார்செல் நம்பவில்லை. அறுபது ஜெர்சி மாடுகள். அவள் நிலத்தில் கிணறு தோண்டிப் பார்த்தாயிற்று, இரண்டு இடத்திலும் பாறையும் துருத் தண்ணீரும்தான். ஊற்று போனால் மாடுகளை விற்க வேண்டும். வேறு பேச்சில்லை.

அண்ணனிடம் போவதற்கு முன்னால் வேறு எந்தக் கதவாவது திறக்குமா என்று பார்க்க ஊர் அலுவலகத்துக்குப் போனாள்.

ஏப்ரல் கடைசி. பனி உருகிச் சாலையெல்லாம் களி. பிக்கப் வண்டி ஒரு பள்ளத்திலிருந்து இன்னொரு பள்ளத்துக்கு நீந்திப் போய்ச் சேர்ந்தது. அலுவலகத்தில் டவுன் கிளார்க் வெர்னா டோனட்டைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வாடி. இப்பத்தான் பெருக்கினேன்."

மார்செல் காலுறையோடு வந்து நின்றாள். "ஊர் நிர்வாகம் பேர் குடுக்காமலே ஒரு தரப்புதானே? ஊர் அப்பீல் போடலாமில்ல?"

"போடலாம். நிர்வாகக் குழு மூணு பேரும் கூடி ஓட்டுப் போடணும்."

"இன்னிக்கே கூட்டு."

வெர்னா டோனட்டைக் கீழே வைத்தாள். "கூட்டினா அவங்க முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? பத்து வருஷமா ஊர்க்கூட்டத்துல எழுந்து, ரோட்டுக்குச் சரளை போடு, சரளை போடுன்னு கத்தினது யாருன்னு கேப்பாங்க."

"அது ரோட்டுக்கு."

"சரளை எங்கேருந்து வரும்னு நினைச்சே? வானத்துலேருந்தா? பக்கத்து மாவட்டத்துலேருந்து வாங்கறோம், லாரி வாடகையிலேயே பாதிப் பணம் போயிடுது. இங்கேயே குழி வந்தா பாதி விலை. மூணு பேருமே கை தூக்க மாட்டாங்க."

மார்செல் ஜன்னலுக்கு வெளியே சேற்றில் நிற்கும் தன் வண்டியைப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டு மறுத்துப் பேச முடியவில்லை.

"லூசியன் எப்படித் தரப்பானாரு? அவர் பொது இடத்துல வாயைத் திறந்து நான் பாத்ததே இல்லையே."

"நீ போனப்புறம் தலைவர் கேட்டாரு, தரப்பா பதிவு பண்ணிக்கிறவங்க எழுந்திரிங்கன்னு. ரோட்டோரம் வீடு இருக்கறவங்க ரெண்டு பேரு லாரிச் சத்தத்துக்காகப் பேர் குடுத்தாங்க. அப்புறம் உங்கண்ணன் எழுந்தாரு. தொப்பியைக் கழட்டினாரு. 'என் வீட்டுக் குழாயும் அந்த ஊத்துலேருந்துதான் வருது. மத்தபடி என் தங்கச்சி சொன்னதுதான் எனக்கும்'னாரு. தலைவர் கேட்டாரு, 'அவங்க சொன்னது எல்லாத்தையுமா?' 'எல்லாத்தையும்'னாரு. உக்காந்துட்டாரு."

ஒன்றரை மாதமாகத் தன்னோடு பேசாத மனிதர், தான் இல்லாத நேரத்தில் தனக்காக எழுந்து நின்றிருக்கிறார். சந்தோஷம் முகத்தில் வந்தே விட்டது.

வெர்னா அதைக் கெடுக்க விரும்பாதவள்போலக் காபியைக் கலக்கினாள். பிறகு, யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று சொன்னாள்.

"எல்லாத்தையும்னா, ஆல்டனைப் பத்தி நீ சொன்னதும் சேத்துத்தான்டி."

ஆல்டன் லூசியனின் ஒரே மகன். ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷம் எங்கெங்கோ வேலை பார்த்து, எதிலும் நிலைக்காமல், போன பிப்ரவரியில் அப்பாவிடம் திரும்பி வந்தவன். இப்போது சரளைக் கம்பெனியில்தான் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறான்.

மார்செல் தன் பேச்சில் அவன் பேரைச் சொல்லவில்லை. "இந்தக் குழியால யாருக்கு வேலை கிடைக்கும்? வேற எங்கேயும் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்காதவனுக்குத்தான்" என்றாள். மன்றம் சிரித்தது. சிரிப்பு வந்ததும் இன்னும் உற்சாகமாக அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். இதுவும் விசாரணைப் பதிவில் இருக்கிறது.

லூசியன் முப்பது வருஷம் ஊருக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மார்செல் போனபோது கொட்டகையில் தன் பிக்கப்பின் முன்னாலிருந்து பனி தள்ளும் தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார்.

"இன்னும் ஒரு பனி இருக்கும்னாங்களே," என்றாள் மார்செல்.

"இருக்காது."

"காத்து வடக்கேருந்து வருது."

"வரட்டும். இனிமே மழைதான்."

எங்கள் ஊரில் வானத்தைத் தொடாமல் எந்தச் சண்டையும் தொடங்காது, எந்தச் சமாதானமும் நடக்காது. இரண்டு பேரும் அந்த மரியாதையைச் செய்து முடித்தார்கள்.

"அண்ணா, நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

"தெரியும். வக்கீலம்மா காலையிலேயே கூப்பிட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"யோசிக்கிறேன்னேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஊத்து உங்களுக்கும்தானே?"

"எனக்கு ஒரு குழாய். ஒத்தை ஆளு, கடையில கேன் வாங்கிக்கூட காலத்தை ஓட்டிடுவேன். உன் மாட்டுக்குத்தான் போக்கிடம் இல்லை. அது தெரிஞ்சுதான் அன்னிக்கு எழுந்தேன்." ஒரு போல்ட்டைத் திருகி எடுத்து டப்பாவில் போட்டார். "எழுந்தவன் அதே வாயால என் புள்ளையையும் ஒரு போடு போட்டுட்டு உக்காந்தேன்."

"நான் அவனைச் சொல்லலை."

"வேற யாரைச் சொன்னே?"

"பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொல்ற அளவுக்கு இந்த ஊர்ல ஆள் இல்லை, மார்செல்."

மார்செல் டப்பாவிலிருந்த போல்ட்டை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டாள்.

"நான் சொன்னப்ப உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. யாரைச் சொல்றேன்னு தோணலை. அவன் அங்கே வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான்னு எனக்கே அப்ப தெரியாது. அன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்ப சொன்னான். சொல்லிட்டு, 'நீங்களும் அத்தை சொன்னதையே சொன்னீங்களாமே'ன்னான். யார் அவன்கிட்ட சொன்னாங்களோ. அதுலேருந்து பேச்சு கம்மி. 'உப்பை எடுங்க', 'கதவைச் சாத்துங்க', அவ்வளவுதான்."

"அந்த ஒரு வரியை மட்டும் வேண்டாம்னு சொல்லிட முடியாதா?"

"கேட்டேன். பதிவை மூடியாச்சாம். தரப்பா நான் பேசினது ரெண்டே ரெண்டு வரி. ஒண்ணு என் குழாய். இன்னொண்ணு நீ சொன்னது. கோர்ட்டுல போய் நின்னா அதும்மேலதான் நிக்கணும். அதும்மேல நின்னு அவனுக்குக் கிடைச்ச வேலையையும் பறிக்கணும். கேஸ் போட்டவன் மகனை எந்தக் கம்பெனி வெச்சுக்கும்?"

கொட்டகைக் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மார்செல் வண்டிச் சாவியை எடுத்தாள்.

"நான் அவன்கிட்ட போய்ப் பேசறேன்."

"மன்னிப்புக் கேக்கறதுன்னா கேளு," என்றார் லூசியன். "கையெழுத்துக்குச் சம்மதமான்னு மட்டும் கேக்காதே. அந்தச் சுமையை அவன் தலையில ஏத்தாதே."

அவள் வண்டியை நேரே குன்றுக்கு விட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். கையெழுத்து ஞாபகமே வரவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் எழுதப் போவதில்லை.

குழிக்குப் போகிற வழி ஒரு மரம்வெட்டிப் பாதை. கம்பெனி கேட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் பிக்கப் வலது பக்கம் சாய்ந்து நின்றது. பின்சக்கரம் அச்சுவரை சேற்றில். முன்னால் எடுத்தாள், பின்னால் எடுத்தாள். இன்னும் ஆழமாக இறங்கியதுதான் மிச்சம். தன் பேச்சில் 'இந்தப் பாதை லாரி தாங்காது' என்றும் அவள் சொல்லியிருந்தாள். அது உண்மைதான் என்று இப்போது நிரூபணமாயிற்று, பார்த்துச் சந்தோஷப்பட ஆள்தான் இல்லை.

மேலேயிருந்து மஞ்சள் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டு இறங்கி வந்தது. ஓட்டி வந்தவன் ஆல்டன். குதித்து இறங்கினான், சங்கிலியை எடுத்தான், அவள் வண்டிக்கு அடியில் முழங்காலிட்டு மாட்டினான். அத்தை இப்படிச் சேற்றில் சிக்கி நிற்பதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"ஆல்டன், அன்னிக்கு மன்றத்துல நான்..."

"நியூட்ரல்ல போடுங்க அத்தை."

"போட்டுட்டேன். நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"பிரேக்லேருந்து காலை எடுங்க."

இயந்திரம் இழுத்த சத்தத்தில் மிச்ச வார்த்தைகள் அவளுக்கே கேட்கவில்லை. வண்டி சளக்கென்று வெளியே வந்தது. கேட்டருகே ஒரு மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்டன் அதைக் கவனித்தான். சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கீழே போறப்ப இடது பக்கமாவே போங்க," என்றான். அதோடு ஏறிப் போய்விட்டான்.

மார்செல் இடது பக்கமாகவே போனாள். வக்கீல் அலுவலகம் போய்ச் சேரும்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. லூசியன் கையெழுத்துப் போட மாட்டார், அதை வக்கீலிடம் சொல்லிக் கணக்கை முடித்துக்கொண்டு வரலாம் என்பதுதான் எண்ணம்.

லூசியன் அங்கே உட்கார்ந்திருந்தார். துவைத்த சட்டை, நல்ல தொப்பி.

"தண்ணி மட்டும்," என்று வக்கீலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "லாரி, தூசி, சத்தம், எவனுக்கு வேலை, எவனுக்கு இல்லை, அதெல்லாம் இதுல வரக்கூடாது. தண்ணி மட்டும்தான்."

"தண்ணி மட்டும்தான்," என்றார் பிரிஸில்லா. "அதுக்கு மேல உங்களுக்கு உரிமையும் இல்லை."

"நல்லதாப் போச்சு."

கையெழுத்துப் போட்டார். வக்கீல் கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார். கோர்ட்டுக்குப் போய்விட்டது என்றார். இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு சத்தமில்லாமல் நடந்தது மார்செலுக்குப் பிடிக்கவில்லை.

"ஒண்ணு புரிஞ்சுக்கோங்க மார்செல். இவர் நிக்கற வரைக்கும்தான் நீங்க நிக்க முடியும். இவர் எப்ப வேணும்னாலும் வாபஸ் வாங்கலாம். வாங்கினா உங்களுக்குத் தனியா காலூன்ற இடம் கிடையாது. எதிர்த்தரப்புக்கும் இது தெரியும்."

வெளியே படியில் மார்செல் அண்ணனைப் பிடித்து நிறுத்தினாள். "அவன்கிட்ட பேசினீங்களா?"

"இல்லை."

"அப்புறம் எப்படி?"

"மதியம் கை கழுவக் குழாயைத் திறந்தேன்." லூசியன் தொப்பியைச் சரிசெய்தார். "அப்பா அந்தக் குழாய் போட்டப்ப எனக்கு வயசு பத்து. நானும் கூடத் தோண்டினேன். நீ அப்ப தொட்டில்ல."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மார்செல் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவள் வீடு திரும்பியபோது மாடுகள் தொழுவ வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. உள்ளே விளக்கு எரிந்தது. ஆல்டன் தீனியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட நாட்களில் சாயந்திரம்தோறும் இதே வேலையைச் செய்தவன் அவன். எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்பா கையெழுத்துப் போட்டுட்டாராம்," என்றான். "நாலு மணிக்கே எங்க ஆளுங்களுக்குத் தகவல் வந்துடுச்சு."

"ஆமாம்." மார்செல் பூட்ஸோடு அங்கேயே நின்றாள். இயந்திரச் சத்தம் இல்லை, தப்பிக்க வழியும் இல்லை. "ஆல்டன், நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. இன்னிக்குக்கூட உங்கப்பாகிட்ட உன்னைச் சொல்லலைன்னு சாதிச்சேன். பேரைச் சொல்லாட்டி என்ன, உன்னை மனசுல வெச்சுத்தான் சொன்னேன். கேலியா வந்துச்சு, சிரிச்சாங்க, எனக்குக் குஷியாயிடுச்சு. ரொம்ப வெக்கமா இருக்குடா."

ஆல்டன் தீனிக் கரண்டியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"நான் அங்கேதான் இருந்தேன் அத்தை."

"எங்கே?"

"மன்றத்துல. பின்கதவுக்கிட்ட. குழியைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேக்கலாம்னு வந்தேன், வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேனே. நீங்க ஊத்தைப் பத்திச் சொன்னீங்க பாருங்க, தாத்தா குழாய் போட்டது, மாடு குடிக்கறது, எல்லாம். கரெக்ட்தான்னு நினைச்சேன். எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன். தட்டி முடிக்கறதுக்குள்ள உங்க அடுத்த வரி வந்துடுச்சு."

மார்செலால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தாள்.

"அதுகூடப் பரவாயில்லை," என்றான். "நீங்க கிளம்பினப்புறம் அப்பா எழுந்தாரு. அவர் எதுக்கும் எழுந்திருக்க மாட்டாரு. தொப்பியைக் கழட்டினாரு. எனக்காகத்தான் எழுந்துட்டாருன்னு நினைச்சேன். 'என் மகனை அப்படிச் சொல்லாதீங்க'ன்னு சொல்லப் போறாருன்னு நினைச்சேன்."

ஒரு மாடு நீளமாகக் கத்தியது. இருவரும் அதைக் கேட்கவில்லை.

"உங்கப்பாவுக்கு நீ அங்கே இருந்தது தெரியாதுடா. வேலைக்கு எழுதிப் போட்டதே தெரியாது."

"அது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் ஆறலை."

அவன் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். சொல்ல வந்தது இது இல்லை போலிருந்தது.

"மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொன்னாரு. எழுத்துல இல்லை, வாயாலதான். அப்பா வெள்ளிக்கிழமைக்குள்ள வாபஸ் வாங்கினா எனக்கு வேலை நிரந்தரம். வாங்கலைன்னா வெள்ளிக்கிழமையோட சரி. வீட்டுல போய்ச் சொல்லுன்னாரு."

"சொல்லிட்டியா?"

"இல்லை. நேரா இங்கே வந்தேன். சொன்னா அவர் வாபஸ் வாங்கிடுவாரு அத்தை. அவரை எனக்குத் தெரியும். அன்னிக்கு எழுந்ததுக்கு எப்படியாவது ஈடுகட்டணும்னு தவிச்சிட்டிருக்காரு. சொல்லாம விட்டா நான் வேலையை விட்டு நிக்கணும், அவ்வளவுதான். நின்னு பழக்கம்தான்." இதைச் சொல்லும்போது அவன் சிரிக்க முயன்றான். "என்ன பண்ணட்டும்? சொல்லட்டுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊற்று பிழைக்கும், மாடுகள் பிழைக்கும், லூசியனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, ஆல்டனும் குறை சொல்லப்போவதில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்துவிட்ட இரண்டு மாடுகள் தொட்டியில் வாயை வைத்து இழுத்து இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தன. மார்செல் அவற்றை முழுசாக ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"சொல்லு," என்றாள்.

"அத்தை..."

"போய்ச் சொல்லு. மன்றத்துல பின்னாடி நின்னதையும் சொல்லு. அவர் எழுந்தப்ப நீ என்ன நினைச்சேன்னும் சொல்லு. அதைத்தான் முதல்ல சொல்லணும்."

"வாபஸ் வாங்கிட்டாருன்னா? தண்ணி?"

"வாங்கினா வாங்கட்டும். உன் வாயை மூடிவெச்சு என் மாட்டுக்குத் தண்ணி வேண்டாம்."

குரல் கொஞ்சம் உடைந்தது. அவன் கேட்காததுபோல ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அவன் சாலையைக் கடந்து போவதை மார்செல் தொழுவ வாசலில் நின்று பார்த்தாள். எதிர்வீட்டுச் சமையலறையில் லூசியன் அடுப்பருகே நிற்பது ஜன்னலில் தெரிந்தது. கதவு திறந்தது. லூசியன் திரும்பிப் பார்த்தார், இன்னொரு தட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஆல்டன் உட்காரவில்லை. நின்றபடியே பேச ஆரம்பித்தான்.